சிங்கப்பூரைக் கலக்கிய ஒரு தசைச் சுருக்கம்

இக்கட்டுரை சற்றே கூச்சம் தரும் பொருளைப் பற்றியது. ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களும், ஆண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர்களும் அந்தக் கூச்சத்தைச் சிறிது நேரம் ஓரமாக வைத்துவிட்டுப் படிக்க வேண்டுகிறேன். கொச்சையாக ஒரு சொல்லும் இராது. நம் அண்டை நாட்டில் உண்மையாகவே நடந்த ஒரு நிகழ்விலிருந்து தொடங்குகிறேன்.

அது 1967ஆம் ஆண்டு. சிங்கப்பூர் நம்மைவிட்டுப் பிரிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஈப்போவில் இரயிலேறி அங்கே வேலைக்குப் போனவர்களும், அங்கே உறவினர் உள்ள குடும்பங்களும் பேராவில் நிறையவே இருந்த காலம் அது. அவ்வாண்டில் சிங்கப்பூரின் பன்றிப் பண்ணைகளில் பன்றிக் காய்ச்சல் தோன்றியது. நோய் பரவாமல் தடுக்க அரசாங்கம் பன்றிகளுக்குத் தடுப்பூசி போட்டது. இதுவரை எல்லாம் இயல்பான செய்திதான். அக்டோபர் மாத இறுதியில் ஒரு வதந்தி கிளம்பியது. தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியை உண்டவர்களுக்கு ஆண்குறி சுருங்கி வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் என்பதே அவ்வதந்தி. முழுவதும் உள்ளே போய்விட்டால் உயிரும் போய்விடும் என்றார்கள்.

இப்படியொரு நோய் உண்டு என்ற நம்பிக்கை சீன மருத்துவ மரபில் பல காலமாகவே இருந்து வந்தது. மாண்டரின் மொழியில் அதனைச் ‘சுவோயாங்’ என்பர். மலாய்த் தீவுக்கூட்டத்தில் அதற்கு வழங்கும் பெயர் ‘கோரோ’. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமையைக் குறிக்கும் ‘குரா-குரா’ என்ற சொல்லோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. உவமை பொருத்தமானதே.

வதந்தி பரவிய சில நாள்களுக்குள் ஆண்கள் மருத்துவமனைகளுக்கு ஓடிவரத் தொடங்கினர். சிங்கப்பூர் பொது மருத்துவமனைக்கு ஒரே நாளில் 97 பேர் வந்ததாகப் பதிவு உண்டு. சிலர் உறுப்பைக் கையால் இறுகப் பிடித்தபடி வந்தனர். சிலர் நூலால் கட்டியிருந்தனர். சிலர் சாப்பாட்டுக் குச்சிகளாலும் துணி உலர்த்தும் கிடுக்கிகளாலும் கவ்வியிருந்தனர். அவர்களுள் பலருக்கு நோயினால் ஒரு கேடும் நேரவில்லை. கட்டியதாலும் இழுத்ததாலும்தான் காயம் ஏற்பட்டது. பின்னர் மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்த 469 பேரில் 454 பேர் ஆண்கள், 15 பேர் பெண்கள். ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் சீனர்கள். மலாய்க்காரர்களும் இந்தியர்களும் சிலர் இருந்தனர்.

அவர்களுள் ஒரு மாணவனைப் பற்றிய குறிப்பு, ஆசிரியர் என்ற முறையில் என் மனத்தில் தங்கிவிட்டது. அவனுக்கு வயது 16. பெற்றோருடன் மருந்தகத்திற்குள் ஓடிவந்திருக்கிறான். முகம் வெளிறியிருக்கிறது. உறுப்பு உள்ளே போய்விடாதபடி கையால் இழுத்துப் பிடித்திருக்கிறான். மருத்துவர் விசாரித்தபோது நடந்தது தெரிய வந்தது. இந்நோயைப் பற்றி அவன் பள்ளிக்கூடத்தில்தான் கேள்விப்பட்டிருக்கிறான். அன்று காலை பசியாறப் பன்றி இறைச்சி வைத்த ‘பாவ்’ ஒன்றைத் தின்றிருக்கிறான். பிறகு சிறுநீர் கழிக்கப் போனபோது கீழே பார்த்திருக்கிறான். உறுப்பு சுருங்கியிருப்பதைக் கண்டிருக்கிறான். உடனே அதைப் பிடித்துக்கொண்டு கத்தியபடி பெற்றோரிடம் ஓடியிருக்கிறான். மருத்துவர் அவனுக்கும் பெற்றோருக்கும் உண்மையை எடுத்துச் சொன்னார். பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். இரண்டு நாளுக்கு உரிய மருந்துடன் வீட்டுக்கு அனுப்பினார். அவனுக்கு அந்த அச்சம் மீண்டும் வரவில்லை.

பள்ளியில் கேட்டான் என்பதைக் கவனியுங்கள். வகுப்பறையில் ஆசிரியர் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. வேறெங்கே? சிற்றுண்டிச்சாலையிலும் கழிவறை வாசலிலும்தான். பிள்ளைகள் தம் உடலைப் பற்றி அறிந்துகொள்ளும் இடங்கள் அன்றும் இவைதாம்.

நவம்பர் தொடக்கத்தில் சிங்கப்பூர் மருத்துவர் சங்கத்தினர் செய்தியாளர்களைக் கூட்டினர். கோரோ என்பது அச்சத்தால் விளையும் மனநிலை; ஆண்குறி வயிற்றுக்குள் போவது உடலமைப்பின்படி நடக்கவே முடியாதது; பன்றித் தடுப்பூசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று விளக்கினர். வானொலியும் தொலைக்காட்சியும் நாளிதழ்களும் அவ்விளக்கத்தைக் கொண்டு சேர்த்தன. நோயாளிகளின் எண்ணிக்கை சரசரவென்று குறைந்தது. மாத இறுதிக்குள் அரசு மருத்துவமனைகளுக்கு இந்நோய் என்று வருவோர் எவரும் இல்லை. ஊசி போடாமல், அறுவை செய்யாமல், சில நாள் விளக்கத்திலேயே ஒரு ‘கொள்ளைநோய்’ ஒழிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்றிப் பண்ணையிலிருந்து நோய் வரும் என்ற அச்சமே மடமை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1998ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் ஈப்போவையொட்டிய கிந்தா வட்டாரப் பன்றிப் பண்ணைகளில்தான் பிற்காலத்தில் நிப்பா என்று பெயரிடப்பட்ட கிருமியின் நோய் முதன்முதலில் தலைகாட்டியது. அப்போது அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999ஆம் ஆண்டில்தான் உண்மைக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோயால் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆகவே 1967இன் சிங்கப்பூர் மக்களை ‘ஒன்றும் அறியாதவர்கள்’ என்று நாம் நகைப்பதற்கில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து எது, வெறும் வதந்தி எது என்று பிரித்தறிய அவர்களிடம் இருந்த ஒரே சான்று தம் உடல்தான். அந்த உடலோ, அவர்கள் அஞ்சியது போலவே சுருங்கிக் காட்டியது.

ஆம், சுருங்கியது உண்மை. அந்த மாணவன் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதையே சொன்னான். அவன் கண்டது என்ன என்பதுதான் நம் பாடத்தின் நடுப்பகுதி.

சூடான பாத்திரத்தைத் தொட்டதும் கை தானாகப் பின்வாங்குவதை ‘அனிச்சைச் செயல்’ என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். இச்சை என்றால் விருப்பம்; அனிச்சை என்றால் நம் விருப்பத்தைக் கேளாமல் நடப்பது. மிக அழகான தமிழ்ச் சொல். கண் இமைப்பது, தும்முவது, முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறுவது என்று எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறோம். ஆண் உடலில் இன்னும் சில அனிச்சைச் செயல்கள் உண்டு. அவற்றை எந்தப் பட்டியலிலும் நாம் சேர்ப்பதில்லை.

விதைகள் உடலுக்கு வெளியே ஒரு பையில் தொங்குவதற்குக் காரணம் உண்டு. விந்தணுக்கள் செவ்வனே உருவாக உடலின் உள்வெப்பத்தைவிடச் சுமார் 2 முதல் 3 பாகை செல்சியஸ் குறைவான வெப்பம் தேவை. எனவே விதைப்பை ஒரு தட்பவெப்பக் கருவியைப் போல வேலை செய்கிறது. வெயிலில் தளர்ந்து கீழிறங்கும். குளிரில் சுருங்கி மேலேறி உடலோடு ஒட்டிக்கொள்ளும். இவ்வேலையை இரண்டு தசைகள் செய்கின்றன. ஒன்றின் பெயர் கிரிமாஸ்டர். கிரேக்க மொழியில் ‘தொங்கவிடுவது’ என்று பொருள். இது விதையைத் தாங்கும் வடத்தைச் சுற்றியிருக்கிறது; சுருங்கும்போது விதையை மேலே தூக்குகிறது. மற்றொன்று டார்டோஸ். அது பையின் தோலுக்கு அடியில் படர்ந்திருக்கும் மென்தசை. குளிர்ந்தால் தோலைச் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொள்ளும். ‘தோலுரிக்கப்பட்டது’ என்பது அதன் பெயரின் பொருள். பெயர் வைத்த பழைய மருத்துவர்களுக்கு இலக்கிய நயம் குறைவு போலும்.

கிரிமாஸ்டரில் ஒரு விந்தை உண்டு. அது கை, கால் தசைகளைப் போன்ற வரித்தசை. வரித்தசைகள் பொதுவாக நம் விருப்பப்படி இயங்குபவை என்று படிக்கிறோம். ஆனால் இத்தசையைப் பெரும்பாலோரால் நினைத்தபடி அசைக்க முடியாது. தொடையின் உட்புறத்தை இலேசாகத் தடவினால், அந்தப் பக்கத்து விதை தானாக மேலேறும். தொடுஉணர்ச்சி நரம்பின் வழியே முதுகுத்தண்டுவடத்தின் இடுப்புப் பகுதிக்குப் போய், அங்கிருந்தே கட்டளை திரும்பிவிடுகிறது. மூளையின் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. குளிரிலும் அச்சத்திலும் இதே தசை சுருங்கும்.

யானைக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதன் விதைகள் வயிற்றுக்குள்ளேயே, சிறுநீரகங்களுக்கு அருகில் இருக்கின்றன. கிரிக் சாலையில் யானையைப் பார்க்கும் பிள்ளைகள் ‘ஆண் யானையா, பெண் யானையா?’ என்று குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்குறியும் இப்படித்தான். அதற்குள் இருக்கும் மென்தசைகளையும் இரத்தக் குழாய்களையும் தானியங்கு நரம்புகள் ஆள்கின்றன. அமைதியாக இருக்கையில் அவை தளரும். அச்சம் வந்ததும் உடல் தற்காப்பு நிலைக்குப் போகிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, கைகால் சில்லிடுகின்றன, ஆண்குறிக்குப் போகும் இரத்தம் குறைந்து அது வழக்கத்தைவிடச் சிறுக்கிறது. இப்போது அந்த மாணவனை நினைத்துப் பாருங்கள். காலை நேரம், மனத்தில் வதந்தி, வயிற்றில் பாவ். சிறுநீர் கழிக்கும்போது கீழே பார்க்கிறான். என்றும் கவனியாத ஒன்றை அன்று கவனிக்கிறான். சற்றுச் சுருங்கியிருக்கிறது. அஞ்சுகிறான். அஞ்சியதால் மேலும் சுருங்குகிறது. மேலும் சுருங்கியதைப் பார்த்து மேலும் அஞ்சுகிறான். அச்சமே நோயை உண்டாக்கி, அச்சமே அதற்குச் சான்றும் கூறியது.

பழைய தோட்டங்களில் வளர்ந்த ஆண்களுக்கு இது புதிய செய்தியே அன்று. விடியற்காலையில் ஆற்றிலோ லயத்துத் தொட்டியிலோ குளித்த எந்தச் சிறுவனும் இதைத் தன் உடலில் கண்டிருப்பான். பெரியவர்களும் கண்டிருப்பார்கள். அதைப் பற்றிக் கேலிப் பேச்சு உண்டு. விளக்கம் மட்டும் இருந்ததில்லை.

அனிச்சைச் செயல் என்ற கருத்து உருவான வரலாறு நீண்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்கார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் இறந்த பிறகு 1662இல் வெளியான நூலில், நெருப்பருகே கால் வைத்தவன் அதை இழுத்துக்கொள்வதை ஒரு பொறியின் இயக்கம் போல விளக்கியிருந்தார். 1751இல் எடின்பரோவின் இராபர்ட் விட், தலையற்ற தவளையும் காலை இழுத்துக்கொள்கிறது என்பதையும், தண்டுவடம் அழிந்தால் அவ்வியக்கம் நின்றுவிடுகிறது என்பதையும் எழுதினார். 1833இல் மார்ஷல் ஹால் என்ற ஆங்கிலேய மருத்துவர் தண்டுவடத்தின் அனிச்சைப் பணியை அரச கழகத்தின் முன் விளக்கினார். 1875இல் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரு ஜெர்மானியர்கள் முழங்கால் உதறலைத் தனித்தனியே வெளியிட்டனர். அதன் பிறகுதான் மருத்துவரின் கையில் சிறு சுத்தியல் ஏறியது. கிரிமாஸ்டர் அனிச்சையும் நரம்பு சோதிக்கும் முறைகளுள் ஒன்றாயிற்று. 1906இல் ஷெரிங்டன் எழுதிய நூல் இவையனைத்தையும் ஓர் ஒழுங்கிற்குக் கொண்டு வந்தது. அவருக்கு 1932இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இவையெல்லாம் ஐரோப்பாவில் நடந்தவை. தமிழுக்கு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ‘இதைத் தமிழில் எப்படி ஐயா சொல்வது? சொல்லே இல்லையே!’ என்று ஆசிரியர் நண்பர்களே என்னிடம் சொன்னதுண்டு. அவர்களுக்கு நான் யாழ்ப்பாணத்தைக் காட்டுவேன்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். பிறகு, நோயாளியின் மொழி தமிழாக இருக்க மருத்துவனின் கல்வி ஏன் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று மாறிக்கொண்டார். 1860களில் தமிழ்வழி மருத்துவக் கல்வியே தொடங்கிவிட்டது. மாணவர்களின் துணையோடு அவர் மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்; கலைச்சொற்களை உருவாக்கினார். உடற்கூற்றைக் கூறும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. உடலியக்கத்தைக் கூறும் ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வந்தது. அவர் மறைந்தது 1884இல்.

முழங்கால் உதறலை ஜெர்மானியர்கள் வெளியிட்டதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மனித உடலின் பாகங்களைத் தலை முதல் கால் வரை தமிழில் அச்சிட்டு முடித்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். சொல் இல்லாத மொழி அன்று நம் மொழி. சொல்லியிருக்கிறார்கள். நாம்தான் வாயைத் திறப்பதில்லை.

யாழ்ப்பாணத்திற்கும் பேராவிற்கும் தொடர்பு உண்டு என்பது தெரிந்ததே. தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே 1885இல் முதல் இரயில் ஓடியதைத் தொடர்ந்து, இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்ற யாழ்ப்பாணத் தமிழர்கள் ஏராளமாக வந்தனர். தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டிரசர்களாக இருந்தவர்களிலும் அவர்கள் உண்டு. ஆனால் டிரசருக்கும் பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கும் இடையே மேசை ஒன்று இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர் ‘கீழே வலிக்குதுங்க ஐயா’ என்பதற்கு மேல் பேசமாட்டார். ‘கீழே’ என்பது விதையாகவும் இருக்கலாம், குடலிறக்கமாகவும் இருக்கலாம், சிறுநீர்ப்பையாகவும் இருக்கலாம். அந்தத் தயக்கம் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும் கூடவே வந்திருக்கிறது.

சீனர்களுக்குக் கோரோ என்றால் நமக்கு வேறொன்று. விந்து வெளியேறினால் உடல் உருகிப்போகும் என்ற அச்சம். ஒரு துளி விந்து இத்தனை துளி இரத்தத்திற்குச் சமம் என்று கணக்குச் சொல்வார்கள். கணக்குச் சொல்பவருக்கேற்பத் துளியின் எண்ணிக்கை மாறும். ‘இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா?’ என்று கேட்கும் வைத்தியர் விளம்பரங்களைத் தமிழ் ஏடுகளில் பார்க்காதவர் யார்? லேகியம் விற்றுச் செல்வந்தரானவர்கள் உண்டு; லேகியம் தின்று தேறியவர் எவரையும் நான் கண்டதில்லை. இந்தியாவின் மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் இந்த அச்சத்திற்கு ‘தாத்து நோய்க்குறி’ என்று பெயரிட்டார். இலங்கையிலும் இதே அச்சம் இருப்பதை 1989இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது.

இங்கும் உண்மையில் நடப்பது ஓர் அனிச்சைச் செயலே. பருவம் எய்தும் சிறுவனுக்கு உறக்கத்தில் விந்து வெளியேறுவது உண்டு. முதல் கட்டத்தில் தானியங்கு நரம்புகளின் தூண்டலால் விந்து சிறுநீர்க் குழாய்க்கு வந்து சேர்கிறது. அடுத்து, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் கட்டளையால் இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் தாளகதியில் சுருங்கி அதை வெளியேற்றுகின்றன. பையன் உறங்கிக்கொண்டிருக்கிறான், அவன் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. இதனால் அறிவு மங்காது, எலும்பு தேயாது, தேர்வில் மதிப்பெண் குறையாது. ஆனால் விடிந்ததும் படுக்கை விரிப்பை ஒளித்து வைக்கும் பையனுக்கு இதை யார் சொல்வது? அப்பா சொல்வதில்லை. அம்மா தாமே துவைத்துப் போட்டுவிட்டு ஒன்றும் அறியாதவர் போல இருந்துவிடுவார். விளம்பரம் கொடுக்கும் வைத்தியர் மட்டும் பேசத் தயாராக இருக்கிறார்.

1967 ஒரு விதிவிலக்கும் அன்று. 1976 நவம்பரில் வடகிழக்குத் தாய்லாந்தில் ஏறத்தாழ 2,000 பேரை இதே அச்சம் பிடித்தது. அங்கே பழி உணவின் மீதும் சிகரெட்டின் மீதும், அவற்றில் நஞ்சு கலந்ததாகச் சொல்லப்பட்ட வியட்நாமியர் மீதும் விழுந்தது. 1982இல் மேற்கு வங்காளத்திலும் அசாமிலும் பரவியது. ஒலிபெருக்கி வைத்து ஊர் ஊராக விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே பெண்கள் பலரும், மார்பகம் உள்வாங்குகிறது என்று அஞ்சி ஓடிவந்தனர். 1984, 1985ஆம் ஆண்டுகளில் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் 3,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். ஆக, இது சீனர்களுக்கு மட்டும் உரிய வினோதம் என்று ஒதுக்குவது தவறு. எங்கெல்லாம் உடலைப் பற்றிய பேச்சு அடைக்கப்பட்டு, அயலார் மீதோ உணவின் மீதோ ஐயம் ஏற்கெனவே இருந்ததோ, அங்கெல்லாம் இது முளைத்திருக்கிறது. சிங்கப்பூர் வதந்தியிலும் பன்றி இறைச்சி உண்பவர், உண்ணாதவர் என்ற கோடு ஒளிந்திருந்ததை எவரும் காணலாம். 1964இன் இனக் கலவரங்கள் நடந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோரோவை மருத்துவ உலகிற்கு முறையாக அறிமுகப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் யாப் போ மெங் என்ற மனநல மருத்துவர். ஹாங்காங்கில் தாம் கண்ட 19 நோயாளிகளைப் பற்றி 1965இல் எழுதினார். ஒரு பண்பாட்டிற்குள் மட்டும் பொருள் பெறும் மனநோய்கள் உண்டு என்ற கருத்தை நிலைநாட்டியவர் அவரே. அதற்கு முன் 1952இல் அவர் எழுதியது நமக்கு நன்கு தெரிந்த ‘லாத்தா’ பற்றி. பேராவின் கம்பங்களில் திடுக்கிட்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்லி, எதிரில் இருப்பவர் செய்வதையே திருப்பிச் செய்யும் மூதாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். திடுக்கிடுவதும் ஓர் அனிச்சைச் செயல்தான். எல்லாருக்கும் உண்டு. அதன் மேல் ஊர் என்ன கட்டுகிறது என்பதில்தான் வேறுபாடு. ஈப்போவுக்கு அருகில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே நம் மக்கள் வசைச்சொல்லாக்கிவிட்டார்கள். மனத்தின் அச்சத்திற்கு மருத்துவரிடம் போவது இழிவு என்று எண்ணுவோருக்கு அந்தக் கேலி இன்றும் துணைபோகிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஆபத்தாகிவிடும். கோரோவில் சுருக்கம் இருந்தது, நோய் இல்லை. சுருக்கம் இல்லாமற்போவதே நோயின் அடையாளமாகும் சூழலும் ஒன்று உண்டு.

விதையைத் தாங்கும் வடம் சில வேளைகளில் முறுக்கிக்கொள்ளும். இதை விதை முறுக்கம் என்கிறோம். 12 முதல் 18 வயதுடைய சிறுவர்களுக்கு மிகுதியாக வரும். எந்த வயதிலும் வரலாம். பிறவியிலேயே விதை பைக்குள் சரியாகப் பிணைக்கப்படாமல் இருப்பவர்களுக்கு, கிரிமாஸ்டர் சட்டென்று இழுக்கும்போது விதை சுழன்றுவிடுவதாகக் கருதுகிறார்கள். விளையாட்டின்போதும் நேரலாம், உறக்கத்திலும் நேரலாம். இரத்த ஓட்டம் நின்றுவிடும். கடும் வலியும் குமட்டலும் வாந்தியும் வரும். ஆறு மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கை அவிழ்த்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கடந்துவிட்டால் அரிது. பையனின் தொடையின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பது மருத்துவரின் முதல் சோதனைகளுள் ஒன்று. விதை மேலேறவில்லை என்றால் முறுக்கம் என்ற ஐயம் வலுக்கிறது. ஏறிவிட்டது என்பதற்காக மட்டும் முறுக்கம் இல்லை என்றும் முடிவு செய்துவிட மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. பையனுக்குப் பதின்மூன்று வயது. விடியற்காலையில் வலியோடு எழுந்திருக்கிறான். அம்மாவிடம் ‘வயிற்று வலி’ என்றான். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். வயிற்றில் எண்ணெய் தடவினார்கள். பள்ளிக்குப் போகவில்லை. மாலையில் பாட்டி, சூடு என்று இளநீர் கொடுத்தார். மறுநாள் நடக்க முடியாமல் போனபோதுதான் அப்பா தனியே அழைத்துக் கேட்டிருக்கிறார். மருத்துவமனையில் ஒரு விதையை எடுத்துவிட வேண்டியதாயிற்று. மற்றொன்று நன்றாக இருக்கிறது. அவன் இப்போது வேலைக்குப் போகிறான், நலமாக இருக்கிறான். வலி அடிவயிற்றிலும் உணரப்படும் என்பதால் அவன் முழுப்பொய் சொன்னதாகவும் கூற முடியாது. ‘விதை’ என்ற சொல்லை அம்மாவின் முன் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு செய்தி. குளிப்பாட்டும்போது மகனின் பையில் ஒரு விதையைக் காணவில்லை என்று சிலர் பதறுவார்கள். கிரிமாஸ்டர் சிறுவர்களுக்கு மிகத் துடிப்பானது. குளிர்ந்த கை பட்டதும் விதையை மேலே இழுத்துவிடும். வெந்நீரில் இருக்கையில் இறங்கிவந்து பைக்குள் தங்குமானால் அது பெரும்பாலும் இந்த அனிச்சையின் விளையாட்டே. வளர வளரச் சரியாகிவிடும். ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவருவது நல்லது. ஆறு மாதமாகியும் எந்நேரமும் விதை இறங்காமலே இருந்தால் அது வேறு; அதற்கு ஒரு வயதையொட்டி அறுவை சிகிச்சை செய்வார்கள். கிளினிக் கெசிஹாத்தானில் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே தாதியிடம் கேட்டுவிடலாம்.

நம் தொடக்கப்பள்ளிகளின் திருத்தப்பட்ட கலைத்திட்டத்தில் ஆறாம் ஆண்டு அறிவியலில் மனித இனப்பெருக்கமும் நரம்பு மண்டலமும் ஒன்றையடுத்து ஒன்றாக வந்தன. முதல் பாடத்தில் உறுப்புகளின் பெயர்கள், அடுத்ததில் நரம்புகள். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போடப் பத்து நிமிடம் போதும். நான் அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டே செய்திகளைச் சொல்வேன். குளிரிலும் பயத்திலும் சுருங்கினால் அது தசையின் வேலை, அஞ்ச வேண்டாம். விதையில் திடீரென்று வலித்தால் ‘வயிறு’ என்று சொல்லாதே, ‘விதை’ என்று சொல். நள்ளிரவானாலும் அப்பாவை எழுப்பு. முதலில் பின்வரிசையில் சிரிப்பு எழும். சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பேன். அடங்கிய பிறகு எவனாவது ஒருவன் கை தூக்கி, ‘ஐயா, பந்து பட்டாலும் சொல்லணுமா?’ என்று கேட்பான். வலி சற்று நேரத்தில் அடங்கிவிட்டால் கவலையில்லை. ஒரு மணி நேரமாகியும் விடவில்லை என்றால், அல்லது வீங்கினால், கட்டாயம் சொல்ல வேண்டும் என்பேன்.